கைப்பேசியும் காரும்



இப்போது உங்கள் செவிகளில் விழும் என் குரல், வானொலி நிலையத்தின் உயர்ந்த கோபுரத்திலிருந்து புறப்பட்டு, ஊரையும் வயலையும் ஆற்றையும் கடந்து உங்கள் வீட்டை அடைகிறது. இது நமக்குப் பழகிப்போன செய்தி. இதைக் கண்டு இன்று எவரும் வியப்பதில்லை. ஆனால் இதே போன்ற இன்னொரு வானொலி, மிகச் சிறியது, ஒரு காரின் உள்ளே, ஓட்டுபவரின் சட்டைப் பைக்கும் எதிரே உள்ள டாஷ்போர்டுக்கும் இடையில், இரண்டு முழத் தொலைவில் ஓசையின்றி நடந்துகொண்டிருக்கிறது. கைப்பேசியைக் காரோடு இணைக்கும் புளூடூத் என்னும் அச்சிறு வானொலியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின், ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய பழைய கார் ஒன்றை வாங்கினேன். கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, ஒன்பதாம் வகுப்பு மாணவி, என் கைப்பேசியை அந்தக் காரோடு இணைக்க முற்பட்டாள். இரண்டின் திரைகளிலும் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றியது. “தாத்தா, இரண்டிலும் ஒரே எண் வந்திருக்கிறதே, இது எதற்கு?” என்று அவள் கேட்டாள். “எதற்காகவோ இருக்கட்டும் அம்மா, சரி என்று அழுத்து” என்றேன் நான்.

ஓர் ஆசிரியன் சொல்லத்தக்க விடையா இது? வகுப்பில் ஒரு மாணவன் ‘ஏன்’ என்று கேட்டபோது, ‘எதற்காகவோ இருக்கட்டும்’ என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று இரவு அது என் மனத்தை உறுத்தியது. பிறகு நூல்களைப் படித்தும், அறிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை முதலில் என் பேத்திக்குச் சொன்னேன். இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். அதே நாளில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. அதைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். புளூடூத் என்றால் நீலப்பல் என்று பொருள். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க் நாட்டை ஆண்ட ஹரால்டு என்னும் அரசனுக்கு அமைந்த பட்டப்பெயர் அது. பிரிந்து கிடந்த டேனிய மக்களை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தவன் அவன். நார்வே நாட்டையும் வென்றதாக அவன் நாட்டிய கல்வெட்டு ஒன்று ஜெல்லிங் என்னும் ஊரில் இன்றும் நிற்கிறது. வெவ்வேறு நிறுவனங்கள் செய்யும் கருவிகளை ஒரே முறையில் பேசவைக்கும் திட்டத்திற்கு, அந்த அரசனின் பெயரைத் தற்காலிகப் பெயராக வைத்துக்கொள்ளலாம் என்று இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் கர்டாக் என்னும் பொறியாளர் கூறினார். தற்காலிகமாக வைத்த பெயரே நிலைத்துவிட்டது. கைப்பேசியின் திரையில் நீங்கள் காணும் அந்தக் கூர்மையான சின்னம், ஹரால்டு புளூடூத் என்னும் இரு சொற்களின் முதல் எழுத்துகளை அக்காலத்து வடநாட்டு எழுத்தில் எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியதேயாகும்.

இதன் தொடக்கம் சுவீடன் நாட்டில் உள்ள லுண்ட் நகரத்தில் நிகழ்ந்தது. 1994ஆம் ஆண்டில் எரிக்சன் நிறுவனத்தார், கைப்பேசிக்கும் அதன் துணைக்கருவிகளுக்கும் இடையே கம்பியை நீக்க வழி தேடினர். யாப் ஹார்ட்சன், ஸ்வென் மாட்டிசன் முதலிய பொறியாளர்கள் அப்பணியில் ஈடுபட்டனர். 1998ஆம் ஆண்டில் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா என்னும் ஐந்து நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பை நிறுவின. அடுத்த ஆண்டே முதல் விதித்தொகுப்பு வெளிவந்தது. ஒரு நாட்டில் செய்த கைப்பேசியும் மற்றொரு நாட்டில் செய்த காரும் இன்று ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்கு, இரண்டும் அந்த விதிகளுக்குக் கட்டுப்படுவதே காரணம்.

இனி இந்தச் சிறு வானொலியின் இயல்பைப் பார்ப்போம். மத்திய அலையில் ஆயிரம் கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிபரப்பும் ஒரு நிலையத்தின் அலை ஒவ்வொன்றும் 300 மீட்டர் நீளமுடையது. புளூடூத் அலையோ ஏறத்தாழ பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளந்தான். வலிமையிலும் பெரும் வேறுபாடு உண்டு. பெரிய ஒலிபரப்பி ஒன்றின் திறன் நூறு கிலோவாட் என்று கொள்வோம். பத்து மீட்டர் தொலைவுக்கென அமைந்த புளூடூத் கருவியின் திறன் அதிக அளவாக இரண்டரை மில்லிவாட். நூறு கிலோவாட்டை இரண்டரை மில்லிவாட்டால் வகுத்துப் பாருங்கள்; நான்கு கோடி என்று விடை வரும். நான்கு கோடியில் ஒரு பங்கு வலிமை போதும், ஒரு காருக்குள் பேசுவதற்கு.

இது பயன்படுத்தும் அதிர்வெண்கள் 2,400 மெகாஹெர்ட்ஸ் முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அடங்கியவை. வீட்டு வைஃபை, சமையலறையில் உள்ள மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவையும் இந்தப் பகுதியையே பயன்படுத்துகின்றன. சந்தைக்கூட்டத்தில் இருவர் பேசிக்கொள்வது போன்ற நிலைமை இது. இந்த இரைச்சலில் எப்படிப் பேசுவது? அதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். பேச்சையும் பாட்டையும் காருக்குக் கொண்டுசெல்லும் புளூடூத் முறையில், அந்தப் பகுதி 79 தடங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கைப்பேசியும் காரும் ஒரே தடத்தில் நில்லாமல், முன்கூட்டியே ஒத்துக்கொண்ட வரிசைப்படி ஒரு நொடிக்கு 1,600 முறை தடம் விட்டுத் தடம் தாவுகின்றன. ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தால், அங்கே இழந்த துணுக்கை வேறொரு தடத்தில் மீட்டுக்கொள்ளலாம். எந்தத் தடங்களில் எப்போதும் நெரிசல் இருக்கிறதென்று கண்டு அவற்றைத் தவிர்த்துச் செல்லும் திறமும் 2003ஆம் ஆண்டு முதல் இதற்கு வந்துவிட்டது.

தடம் தாவும் இவ்வெண்ணம் பழைமையானது. இரண்டாம் உலகப் போரின்போது ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகையும் ஜார்ஜ் ஆன்டைல் என்னும் இசையமைப்பாளரும் சேர்ந்து, கடற்கணைகளை இயக்கும் வானொலிக் கட்டளையைப் பகைவர் குலைக்காதிருக்க ஒரு வழி கண்டார்கள். பியானோவின் கட்டைகள் 88 என்பதால், 88 அதிர்வெண்களில் தாவிச்செல்லும் முறை அது. 1942ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அதற்குக் காப்புரிமை வழங்கியது. நடிகை ஒருவரும் இசைவாணர் ஒருவரும் பொறியியலில் புகுந்து இதைச் செய்தார்கள் என்பதை நீங்கள் நினைவில் கொள்வது நன்று.

இப்போது என் பேத்தியின் கேள்விக்கு வருவோம். அந்த ஆறு இலக்க எண் எதற்கு?

ஒன்றை ஒன்று அறியாத இரண்டு கருவிகள் முதன்முறையாகச் சந்திக்கின்றன. அவை பேசுவது வானொலி அலையில். அலை திறந்த வெளியில் செல்வதால், பக்கத்துக் காரில் இருப்பவரும் அதைப் பிடிக்கக் கூடும். ஆகவே பேச்சைப் பூட்டவேண்டும். பூட்டுக்குச் சாவி வேண்டும். ஊரறியக் கூவி ஓர் இரகசியச் சாவியைச் செய்துகொள்ள முடியுமா? முடியாது என்றுதான் எவரும் நினைப்பர். முடியும் என்று 1976ஆம் ஆண்டில் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இரண்டு அமெரிக்கர்கள் காட்டினார்கள். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நாமும் அதைச் செய்து பார்ப்போம்.

2, 13 என்னும் இரண்டு எண்கள் எல்லோரும் அறிந்தவை. கைப்பேசி தன் மனத்துக்குள் 4 என்று நினைத்துக்கொள்கிறது. இரண்டின் நான்காம் படி 16; அதைப் பதின்மூன்றால் வகுத்தால் மீதி 3. கைப்பேசி ‘மூன்று’ என்று உரக்கச் சொல்கிறது. கார் தன் மனத்துக்குள் 5 என்று நினைத்துக்கொள்கிறது. இரண்டின் ஐந்தாம் படி 32. பதின்மூன்றால் வகுத்தால் மீதி 6. கார் ‘ஆறு’ என்று உரக்கச் சொல்கிறது. இனி, கைப்பேசி தான் கேட்ட ஆறை நான்காம் படிக்கு உயர்த்துகிறது. விடை 1,296, பதின்மூன்றால் வகுத்தால் மீதி 9. கார் தான் கேட்ட மூன்றை ஐந்தாம் படிக்கு உயர்த்துகிறது. விடை 243, பதின்மூன்றால் வகுத்தால் மீதி 9. இருவருக்கும் 9 என்னும் ஒரே எண் கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்பது என்று எவரும் வாய்திறந்து சொல்லவில்லை!

இச்சிறு எண்களை வைத்து ஒட்டுக் கேட்பவன் எளிதில் கண்டுபிடித்துவிடுவான். உண்மையான கருவிகளோ மிகப் பெரிய எண்களைக் கொண்டு, நீள்வட்ட வளைவரை எனப்படும் கணிதத்தின் துணையோடு இதைச் செய்கின்றன. அங்கே கேட்பவனால் உள்ளே மறைந்த எண்ணைக் கண்டுபிடிக்க இயலாது. 2007ஆம் ஆண்டு விதித்தொகுப்பிலிருந்து புளூடூத் கருவிகள் இம்முறையைப் பின்பற்றுகின்றன. அதற்கு முந்தைய கார்களில் நான்கு சுழியோ, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்பது போன்ற ஓர் எண்ணோ கேட்பதுண்டு. யாரும் ஊகிக்கத்தக்க அந்த எண்களின் காவல் எத்தகையது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சாவி கிடைத்துவிட்டதே, பிறகு ஆறு இலக்க எண் ஏன்? இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. உங்கள் கைப்பேசி கேட்ட குரல் உங்கள் காருடையதுதானா என்பது கைப்பேசிக்கு எப்படித் தெரியும்? நடுவே ஒருவன் நின்று, கைப்பேசியிடம் ‘நானே கார்’ என்றும், காரிடம் ‘நானே கைப்பேசி’ என்றும் நடிக்கலாம் அல்லவா? அப்படி நடித்தால் இரு பக்கமும் பரிமாறிய எண்கள் வேறு வேறாகிவிடும். பரிமாறிய எண்களையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு, அதன் விளைவையே ஆறு இலக்கங்களாக ஒவ்வொரு கருவியும் தன் திரையில் காட்டுகிறது. நடுவே எவனும் இல்லையென்றால் இரண்டும் ஒத்திருக்கும். வஞ்சகன் நின்றால், அவை தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்றுதான். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய கடமையைக் கருவிகள் நம் கண்களிடம் விட்டிருக்கின்றன. பார்க்காமலே ‘சரி’ என்று அழுத்துபவர், வாயிலில் காவலாளை நிறுத்திவிட்டு அவன் சொல்லைக் கேட்காமலே கதவைத் திறப்பவரைப் போன்றவர். அன்று பேத்தியிடம் நான் சொன்னது அதைத்தான்.

ஆகவே, கைப்பேசியைக் காரோடு இணைக்கும் முறையை ஒழுங்காகச் சொல்கிறேன். முதலாவது, காரைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போடவேண்டும். ஓடும்போது இப்பணியைச் செய்ய இடங்கொடாத கார்களும் பல உண்டு, அது நன்மைக்கே. இரண்டாவது, கைப்பேசியின் அமைப்புகளில் புளூடூத் என்னும் பக்கத்தைத் திறந்து, அதை இயக்கி, அப்பக்கத்தை மூடாமல் வைத்திருக்கவேண்டும். மூன்றாவது, காரின் திரையில் தொலைபேசிப் பகுதிக்குச் சென்று, புதிய தொலைபேசியைச் சேர்க்கும் கட்டளையைக் கொடுக்கவேண்டும். திரையில்லாத கார்களில் ஸ்டியரிங்கில் உள்ள பொத்தானால் இதைச் செய்வார்கள். காரோடு தந்த கையேட்டில் அதன் வழி எழுதியிருக்கும்.

நான்காவது, கைப்பேசியில் தோன்றும் பெயர்களுள் உங்கள் காரின் பெயரைத் தெரிந்தெடுக்கவேண்டும். கார்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் அயலார் கருவிகளின் பெயர்களும் தோன்றும், அவசரப்படலாகாது. ஐந்தாவது, இரு திரைகளிலும் உள்ள ஆறு இலக்கங்களை வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டு, ஒத்திருந்தால் மட்டுமே இரண்டிலும் இசைவு தரவேண்டும். இவ்வளவும் முடிந்ததும் இரு கருவிகளும் தமக்குள் ஒரு சாவியைச் சேமித்துக்கொள்கின்றன. மறுநாள் காரை இயக்கியதும், அச்சாவியைக் கொண்டு அவை தாமே ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். அறிமுகம் ஒருமுறை, பழக்கம் பலமுறை.

சில வேளைகளில் இணைப்பு அமையாமல் போகும். அப்போது பொத்தான்களைக் கண்டபடி அழுத்துவதைவிட, எந்தப் படியில் தடைப்பட்டது என்று ஆராய்வதே மேல். காரின் பெயரே கைப்பேசியில் தோன்றவில்லையா? கார் தன்னைப் பிறருக்குக் காட்டிக்கொள்ளும் நேரம் குறுகியது, அது கடந்திருக்கும். மறுபடியும் கட்டளை கொடுங்கள். முன்பு இணைந்திருந்த கைப்பேசி இப்போது மறுக்கிறதா? இரண்டில் ஒன்று தன் சாவியை இழந்திருக்கும். இரண்டிலும் பழைய பெயரை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். இணைந்தும் பாட்டு ஒலிக்கவில்லையா? காரின் ஒலிபெருக்கி இன்னும் வானொலியையோ வேறொன்றையோ நோக்கி இருக்கும். அதைப் புளூடூத்துக்கு மாற்றுங்கள். வீட்டில் இருவருடைய கைப்பேசிகளும் ஒரே காரில் பதிந்திருந்தால், எது முன்னே இணைந்தது என்பதையும் பாருங்கள். தாய் கையில் எடுத்த அழைப்பு, வாயிலில் நிற்கும் காரில் மகன் காதில் ஒலிப்பது இதனால்தான்.

இன்னும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. இணைந்த பிறகு இரண்டுக்கும் இடையே எதெது போகிறது? ஒரு வீட்டுக்குப் பல கதவுகள் இருப்பதுபோல் இந்த இணைப்புக்கும் பல கதவுகள் உண்டு. ஒரு கதவின் வழியே தொலைபேசிப் பேச்சு செல்கிறது. மற்றொன்றின் வழியே பாட்டு செல்கிறது. மூன்றாவது கதவின் வழியே உங்கள் தொடர்புப் பட்டியலும், யாரை எப்போது அழைத்தீர்கள் என்னும் விவரமும் செல்கின்றன. சில கார்களில் குறுஞ்செய்திக்கும் ஒரு கதவு உண்டு. அறிமுகத்தின்போது, தொடர்புகளைப் பகிரலாமா என்று கைப்பேசி உங்களைக் கேட்கும். அது தனிக் கேள்வி. அதற்கு ‘வேண்டாம்’ என்று விடையளித்தாலும் பேச்சும் பாட்டும் தடையின்றி நடக்கும். பெரும்பாலோர் இதை அறியாமல் மூன்று கதவுகளையும் ஒரே மூச்சில் திறந்துவிடுகிறார்கள்.

முன்னர்ச் சொல்லாமல் நிறுத்திய நிகழ்ச்சியை இனிச் சொல்கிறேன். ஆறு இலக்க எண் தோன்றுவதற்கு முன், என் கைப்பேசியை ஏற்க அந்தக் கார் மறுத்தது. நினைவில் இடமில்லை என்று காட்டியது. பார்த்தால், முன்பு அதை ஓட்டியவர்களின் கைப்பேசிகள் அதில் வரிசையாகப் பதிந்திருந்தன. அவற்றுள் ஒன்றின் தொடர்புப் பட்டியலும் அப்படியே தங்கியிருந்தது. அம்மா, தம்பி, ஒரு மருத்துவமனை, அடகுக்கடை, மறுபடியும் அந்த மருத்துவமனை. எனக்கு முன் அறிமுகமில்லாத ஒரு குடும்பத்தின் துன்பம் ஐந்தாறு வரிகளில் என் எதிரே ஒளிர்ந்தது. பேத்தி மேலும் படிக்கப் போனாள். “பிறர் கடிதத்தைப் படிக்கலாமா அம்மா?” என்று கேட்டேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அனைத்தையும் நீக்கிவிட்டோம்.

நீக்கிய பிறகே எனக்கு ஓர் எண்ணம் எழுந்தது, உள்ளம் திடுக்கிட்டது. நானும் என் முந்தைய காரை ஒருவருக்கு விற்றிருந்தேன் அல்லவா? அதிலிருந்து என் கைப்பேசியின் விவரங்களை நான் நீக்கினேனா? நீக்கவில்லை. அப்படி ஒன்று உண்டென்பதையே நான் அறியேன். என் தொடர்புப் பட்டியலில் இருந்தவை என் சொந்த எண்கள் மட்டுமல்ல. பள்ளியில் படித்த பிள்ளைகளுடைய பெற்றோரின் எண்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. மாணவரின் பெயரும் வகுப்பும் குறித்து வைத்திருந்தேன். அவர்களுள் ஒரு தாய், தாம் குடியிருக்கும் இடமும் எண்ணும் தம் புகுந்த வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று கண்ணீரோடு என்னிடம் கேட்டுக்கொண்டவர். அதைப் பீரோவில் பூட்டிய பதிவேட்டில் எழுதாமல் காத்த நான், காரில் எழுதிவைத்து விற்றுவிட்டேன்!

மறுநாள் காலையில் பேருந்து ஏறி, காரை வாங்கியவரின் ஊருக்குச் சென்றேன். அவர் நல்ல மனிதர். “வாருங்கள் ஐயா, உங்கள் பள்ளிக்கூடமே என் வண்டிக்குள் இருக்கிறது” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் எதையும் படிக்கவில்லை, எவருக்கும் காட்டவில்லை என்று உறுதி கூறினார். நான் அவரை நம்பினேன். அவருடைய முன்னிலையில், காரின் அமைப்புகளில் தொழிற்சாலை நிலைக்கு மீட்கும் கட்டளையைக் கொடுத்து, எல்லாவற்றையும் அழித்தேன். திரும்பும் வழியில் அந்தத் தாய்க்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்களே சொன்னீர்களே, அது போதும் ஐயா” என்றார். என் பணிக்காலத்தில் நான் பெற்ற பாராட்டுகள் எதுவும் அச்சொல்லைப் போல் என்னை நாணச் செய்ததில்லை.

ஆதலால் மாணவர்களே, அறிமுகப்படுத்தக் கற்றவர் விடைபெறவும் கற்கவேண்டும். காரை விற்கும் முன்பும், வாடகைக் காரைத் திருப்பித் தரும் முன்பும், இரு பக்கமும் சாவியை நீக்கவேண்டும். கைப்பேசியின் புளூடூத் பக்கத்தில் காரின் பெயரை மறந்துவிடுமாறு கட்டளையிடுவது பாதி வேலை. காரின் பட்டியலிலிருந்து கைப்பேசியை நீக்குவது மறுபாதி. முதற்பாதியை மட்டும் செய்தால், கைப்பேசி காரை மறக்கும். ஆனால் கார் உங்கள் செய்திகளை மறந்ததா என்பதற்கு உறுதியில்லை. வாடகைக் காரில் பாட்டு மட்டும் போதுமென்றால், தொடர்புகளைப் பகிரும் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள்.

முடிப்பதற்கு முன், உயிரைப் பற்றிய ஒரு செய்தி. புளூடூத் நம் கைகளை விடுவித்தது உண்மை. வண்டி ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை, 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட நம் மோட்டார் வாகனச் சட்டம் ஆபத்தான முறையில் ஓட்டும் குற்றங்களுள் ஒன்றாக வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. கை விடுபட்டால் போதுமா? மனம் விடுபட்டதா? அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்ட்ரேயரும் அவருடைய துணைவரும், ஓட்டுதலைப் போன்ற ஒரு பணியைச் சிலருக்குக் கொடுத்து ஆராய்ந்து, 2001ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கைப்பேசியில் உரையாடியவர்கள் சைகைகளைக் காணத் தவறினார்கள். கண்டபோதும் தாமதமாகவே செயற்பட்டார்கள். கருவியைக் கையில் பிடித்துப் பேசியவருக்கும் பிடிக்காமல் பேசியவருக்கும் இதில் வேறுபாடு தென்படவில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், மூன்று நொடியில் ஐம்பது மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். ஓட்டுபவரின் மனம் மூன்று நொடி உரையாடலில் ஆழ்ந்தால், ஐம்பது மீட்டர் தூரம் அந்தக் கார் காவலின்றி ஓடுகிறது என்று பொருள். அருகில் அமர்ந்து பேசுபவர் சாலையைக் காண்கிறார். குறுக்கே ஒரு மாடு வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார். தொலைவில் இருந்து பேசுபவர் எதையும் காணமாட்டார், பேசிக்கொண்டே இருப்பார்.

உங்களில் பெரும்பாலோருக்கு வண்டி ஓட்டும் வயது இன்னும் வரவில்லை. ஆகவே இது நமக்கான செய்தியன்று என்று எண்ணிவிடாதீர்கள். தொலைவில் இருந்து பேசும் அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். உங்கள் தந்தையார் வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருப்பார். தேர்வு மதிப்பெண்ணைச் சொல்ல நீங்கள் ஆவலோடு அழைப்பீர்கள். நல்ல மதிப்பெண்ணோ குறைந்த மதிப்பெண்ணோ, இரண்டுமே அவருடைய மனத்தைச் சாலையிலிருந்து இழுத்துவிடும் ஆற்றல் உடையவை. அழைத்தவுடன், “வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா, அப்பா?” என்று முதலில் கேளுங்கள். ‘ஆம்’ என்றால், “வீட்டுக்கு வந்ததும் சொல்கிறேன்” என்று கூறி வைத்துவிடுங்கள். காரில் வேறு எவரேனும் உடன் இருந்தால் உங்கள் பேச்சு அவர் செவியிலும் விழும் என்பதும் நினைவிருக்கட்டும்.

என் பேத்தி இப்போது அப்படித்தான் செய்கிறாள். சென்ற வாரம் நான் காரில் வந்துகொண்டிருந்தபோது அவளுடைய அழைப்பு ஒலித்தது. “தாத்தா, ஓட்டுகிறீர்களா?” என்றாள். ஆம் என்றேன். “அப்படியானால் பிறகு பேசுவோம்” என்று வைத்துவிட்டாள். அவள் என்ன சொல்லவந்தாள் என்பதை வீடு சேர்ந்த பின்பே அறிந்தேன். கணக்கில் ஒரு கேள்வி. அதற்கு ‘எதற்காகவோ இருக்கட்டும்’ என்று இம்முறை நான் சொல்லவில்லை.